ஓடிபி உங்கள் போனுக்கு வரலாம், விருப்பப் பட்டியல் மகளுடையது

(கடிதம் எழுதியவரின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

தென் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் 47 வயதுத் தந்தை ஒருவர் எழுதியிருக்கிறார். மனைவி அங்கன்வாடிப் பணியாளர். ஒரே மகள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஊரிலுள்ள அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படித்தவள். இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்துவிட்டாள். பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200-க்கு 186. சென்னையிலோ கோவையிலோ நல்ல கல்லூரி கிடைக்க வாய்ப்பிருக்கிறது. அவளுக்கும் அதுதான் ஆசை.

தந்தையால் அதை ஏற்க முடியவில்லை. "காலையில் நாலரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து, கணக்கு டியூஷனில் கொண்டுபோய் விடுகிற நேரம் அது. இப்போது எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் கடையைத் திறக்கப் போய்விடுகிறேன்" என்கிறார். நெஞ்சு கனக்கிறது என்று இசிஜி எடுத்திருக்கிறார், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். முன்பு எப்போதாவது குடித்தவர், இப்போது வாரத்தில் நான்கைந்து இரவு குடித்துவிட்டுத்தான் படுக்கிறார். "பெத்த நானே தைரியமா இருக்கேன், உங்களுக்கு என்ன?" என்று மனைவி கேட்கிறார். "பொட்டப்புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பணுமா?" என்று இவருடைய அம்மா கேட்கிறார். வீட்டிலிருந்து 22 கிலோமீட்டரில் கல்லூரி பஸ் வந்துபோகிற ஒரு கல்லூரி இருக்கிறது, அதில் சேரலாமே என்று இவர் சொன்ன அன்று, "எப்படா இந்த வீட்டை விட்டுப் போவோம்னு இருக்கு" என்று மகள் கத்திவிட்டாள். அதன் பிறகு இருவருக்கும் சரியான பேச்சு இல்லை.

அவருடைய கேள்விகள் நான்கு. இது ஏதாவது நோயா? மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் உரிமைகூட ஒரு தகப்பனுக்குக் கிடையாதா? கலந்தாய்வு ஓடிபி தன் போனுக்குத்தான் வரும் என்பதால், அவளுக்குத் தெரியாமல் உள்ளூர்க் கல்லூரியை விருப்பப் பட்டியலில் முதலாவதாக வைத்துவிடலாமா, அல்லது விடுதிக்குக் கட்டப் பணம் இல்லை என்று சொல்லிவிடலாமா? கடைசியாக, அவள் முன்னால் அழலாமா?

ஐயா,

மற்றதைப் பேசுமுன் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். "வேலை முடிஞ்சிடுச்சு, இனி நான் எதுக்கு?" என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையை வளர்த்து முடித்த பல பெற்றோருக்கு இந்த எண்ணம் வரும். பெரும்பாலும் அதற்கு அர்த்தம், 'நாளை காலை எனக்கு என்ன வேலை?' என்பதுதான். ஆனால் செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்ற நினைப்பு அதில் ஒரு துளி கலந்திருந்தாலும், இந்தப் பதிலை மீதி படிக்கும் முன் 14416-க்கு அழைத்துப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மனைவியிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.

இது நோயா?

பிள்ளை வீட்டை விட்டுப் போகும்போது வரும் துக்கம் நோய் அல்ல. எந்த மருத்துவ நோய்ப் பட்டியலிலும் அது இல்லை. உங்கள் 12 ஆண்டுக் காலைப்பொழுது மகளைச் சுற்றியே ஓடியது. மார்ச்சில் பொதுத்தேர்வின் கடைசிப் பரீட்சையோடு அது நின்றுவிட்டது. உடம்புக்கு மட்டும் இன்னும் பழைய நேரம் மறக்கவில்லை. யாரும் சாகவில்லை, எந்தக் கெட்டதும் நடக்கவில்லை, ஊரே வந்து வாழ்த்துகிறது. அதனால் இந்தத் துக்கத்தை வெளியே சொல்லவும் உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆண் என்பதால் கூச்சம் இன்னும் கூடுகிறது. சங்க காலத்து உடன்போக்குப் பாடல்களில், காதலனோடு மகள் போய்விட்டாள் என்று பெற்ற தாயும் வளர்த்த செவிலித்தாயும் புலம்புவார்கள். தந்தை வாய் திறக்க மாட்டார். அன்றிலிருந்தே அப்பாவின் பிரிவுத் துயருக்கு நம்மிடம் பேச்சு இல்லை. பேச்சாக வெளியே வராத துக்கம் ஆண்களிடம் எரிச்சலாக, நெஞ்சு கனமாக, குடியாக வெளிவருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன.

துக்கம் நோயல்ல என்றாலும், அது மனச்சோர்வு நோயாக மாறக்கூடும். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நேரம் மனம் இருண்டு கிடந்தால், பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனால், தூக்கமும் பசியும் கெட்டு, கடை வேலையும் ஓடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அதற்கென்று பிரிவு இருக்கும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் தள்ளிப்போடாமல் ஒருமுறை போய்க் காட்டிவிடுங்கள்.

குடியைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். குடித்தால் தூக்கம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு மூன்று மணி நேரம் வரும். பின்னிரவில் அதே மதுதான் தூக்கத்தைக் கலைக்கும், மறுநாள் மனத்தையும் கீழே இழுக்கும். நாலரை மணி முழிப்பில் மகளின் நினைவுக்கு எவ்வளவு பங்கோ, முந்தைய இரவின் குடிக்கும் அவ்வளவு பங்கு இருக்கலாம். குடியை நிறுத்தும்போது கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் நீங்களாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், மருத்துவரிடம் போய்விடுங்கள். அப்புறம், இசிஜி நன்றாக இருந்தது நல்ல செய்திதான். ஆனால் ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த ஒரு இசிஜியை வைத்து இதயத்தில் எதுவுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாரம் தூக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சு இறுகினால், வலி தாடைக்கோ கைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். 'மனக்கவலைதான்' என்று நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

விருப்பப் பட்டியலில் கை வைக்காதீர்கள்

நீங்கள் கேட்டதிலேயே பெரிய கேள்வி இது. செய்யுமுன் கேட்டீர்களே, அதில் எனக்கு நிம்மதி. பதில்: கூடாது.

கலந்தாய்வு எப்படி நடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு மாணவரின் பட்டியலையும் கணினி மேலிருந்து கீழாகப் பார்க்கும். அந்த ரேங்குக்கு இடம் இருக்கிற முதல் விருப்பத்தை ஒதுக்கிவிடும். அதற்குக் கீழே இருப்பவற்றைப் பார்க்கவே பார்க்காது. 186 கட்-ஆஃப் வைத்திருக்கும் பிள்ளையின் பட்டியலில் 22 கிலோமீட்டர் தூரத்துக் கல்லூரியை முதலில் வைத்தால், அந்த இடம் கிடைப்பது ஏறக்குறைய உறுதி. சென்னையும் கோவையும் பெரும்பாலும் கைநழுவிவிடும். நாள் முடிந்து பட்டியல் பூட்டப்பட்ட பிறகு, 'அப்பா மாற்றிவிட்டார்' என்று யாரிடம் போய்ச் சொன்னாலும் பழைய வரிசையைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். பன்னிரண்டு ஆண்டுகள் படித்து வாங்கிய ரேங்க்கைப் பயன்படுத்த அவளுக்குக் கிடைப்பதோ இந்தச் சில நாள்கள்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு ஏப்ரலில் 18 முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டப்படி அவள் இப்போது தன் முடிவைத் தானே எடுக்கக்கூடியவள். இன்னொருவரின் கடவுச்சொல்லை நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். எந்த மகளும் அப்பாவைக் கோர்ட்டுக்கு இழுக்கப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். அவள் உங்களை நம்புவதை நிறுத்திவிடுவாள், நான் பயப்படுவது அதற்குத்தான். இந்த வயதில் அப்பாவிடம் எதையும் மறைக்காமல் பேசுகிற பெண்தான் நாளை ஒரு ஆபத்து என்றால் முதலில் உங்களுக்குப் போன் செய்வாள். அவளுடைய பாதுகாப்புக்காக என்று நினைத்து அந்த வழியையே அடைத்துவிடாதீர்கள்.

'தகப்பனுக்கு இந்த உரிமைகூடக் கிடையாதா?' என்று கேட்டிருந்தீர்கள். சொல்லும் உரிமை முழுமையாக இருக்கிறது. உள்ளூர்க் கல்லூரி ஏன் நல்லது என்று நினைக்கிறீர்களோ அதை உட்கார வைத்துச் சொல்லுங்கள். எந்தத் துறைக்கு எங்கே ஆசிரியர்கள் நன்றாக இருக்கிறார்கள், சென்ற ஆண்டு எந்தக் கட்-ஆஃபில் எந்த இடம் போனது என்று அவளோடு சேர்ந்து பாருங்கள். கலந்தாய்வு உதவி மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் ஒத்துக்கொண்டால் அந்தக் கல்லூரியைப் பட்டியலின் கடைசியில், வேறெதுவும் கிடைக்காவிட்டால் என்று வைக்கட்டும். ஓடிபி வந்ததும் போனை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் இன்றே கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி, உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கை துறுதுறுக்கும்போது அது உங்களுக்கே ஒரு காவலாக இருக்கும்.

பணம் இல்லை என்று சொல்லலாமா?

உண்மையிலேயே இல்லாவிட்டால் கணக்கோடு சொல்லலாம். இருந்தும் இல்லை என்றால், அந்தப் பொய்யை அவள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவாள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவள் என்பதால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அவளுக்கு வாய்ப்பு உண்டு. 2021 முதல் பொறியியலுக்கும் இது இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். இவையெல்லாம் பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள். உங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

அவள் ஏன் அப்படிக் கத்தினாள்?

'எப்படா இந்த வீட்டை விட்டுப் போவோம்' என்ற சொல் உங்களை எவ்வளவு குத்தியிருக்கிறது என்று தெரிகிறது. கடிதத்தில் மூன்று இடத்தில் அது வருகிறது. வளர்த்ததெல்லாம் வீண் என்று முடிவுகட்டிவிட்டீர்கள். இந்த முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை.

வீட்டை விட்டுப் போகவிருக்கும் பிள்ளைகள் கடைசி மாதங்களில் காரணமில்லாமல் சண்டை பிடிப்பது வழக்கம். அழுதுகொண்டு பிரிவதைவிடக் கோபத்தோடு பிரிவது சுலபம். அம்மா சமையல் சரியில்லை, அப்பா நச்சரிக்கிறார், ஊரே பிடிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் போவதற்கான தைரியத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வெளியே ஒரு இரவுகூடத் தங்காத பெண், விடுதி அறையில் முன்பின் தெரியாதவர்களோடு இருக்கப்போகிறாள். அவளுக்கும் உள்ளுக்குள் நடுக்கம் இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் 'போகாதே' என்றால், அவளுக்குள்ளேயே இருக்கும் பயத்துக்கு நீங்கள் பக்கபலம் சேர்க்கிறீர்கள். அதனால்தான் அவ்வளவு வேகமாக வெடித்திருக்கிறாள். உங்கள் மகள் விஷயத்தில் இது முழுக்கச் சரியா என்று அவளைக் கேட்டால்தான் தெரியும். கேளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் இரவில் குடிப்பதும், நாலரைக்கு எழுந்து உட்கார்ந்திருப்பதும் அவள் கண்ணில் படாமல் இருக்காது. 'நான் போனால் அப்பா என்ன ஆவார்?' என்ற கவலையைப் பெண்பிள்ளைகள் சீக்கிரம் சுமக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சுமையை நீங்கள்தான் இறக்கிவிட வேண்டும். வண்டியில் போகும்போதோ கடையில் அவள் வந்து உட்காரும்போதோ இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நீ போறது எனக்குக் கஷ்டமாத்தான்மா இருக்கு. ஆனா அது என் கஷ்டம், நான் பாத்துக்கிறேன். நீ போகக் கூடாதுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அவள் பதில் சொல்லாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சொன்னது காதில் விழுந்திருக்கும்.

பயத்தையும் துக்கத்தையும் பிரித்துப் பாருங்கள்

கடிதத்தில் ராகிங், விடுதிச் சாப்பாடு, சென்னையின் கூட்டம், தனியாக ரயிலில் வருவது என்று ஒரு பக்கம் முழுக்கப் பயங்களை எழுதியிருக்கிறீர்கள். இவற்றுக்கு எல்லாம் செய்ய ஏதாவது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-லிருந்து இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் எதிர்ப்பு உதவி எண் 1800-180-5522. பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டையும் அவள் போனில் பதிந்து வையுங்கள். கல்லூரி விடுதி கிடைக்காமல் தனியார் விடுதி பார்ப்பதாக இருந்தால், பெண்கள் விடுதிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றதா என்று கேட்டுப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

இத்தனையும் செய்து முடித்த பிறகும் நெஞ்சில் ஒன்று மிச்சம் இருக்கும். அதுதான் துக்கம். அதற்கு உதவி எண்ணோ உரிமமோ கிடையாது. இதுவரை அது பயத்தின் வேடத்தில் வந்து, 'அவள் நல்லதுக்குத்தான்' என்று உங்களைப் பேச வைத்திருக்கிறது. அவளுடைய போனில் இருப்பிடம் காட்டும் செயலியை அவளுக்குத் தெரியாமல் போட்டுவிடலாமா என்ற யோசனையும் அதிலிருந்து வந்ததுதான். அதையும் விட்டுவிடுங்கள். தனியாகப் பயணம் வரும் இரவுகளில் மட்டும் அவளே இருப்பிடத்தைப் பகிரட்டும் என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் மனைவி

கடிதம் முழுக்க மனைவி ஒரே ஒரு வரியில்தான் வருகிறார், அதுவும் உங்களைக் குறை சொல்கிறவராக. 'தைரியமா இருக்கேன்' என்று சொல்கிறவர்கள் எல்லோரும் தைரியமாக இருப்பதில்லை. மகளுக்கான பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று அவர் ஏற்கனவே யோசித்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய், 'உனக்கு எப்படி இருக்கு?' என்று கேளுங்கள். 12 ஆண்டுகளாக நீங்கள் இருவரும் பேசியதெல்லாம் டியூஷன், ஃபீஸ், மார்க் என்றே இருந்திருக்கும். பிள்ளைகள் போன பிறகு கணவன் மனைவிக்குள் பேச ஒன்றும் இருக்காது என்ற பயம் பலருக்கு உண்டு. அமெரிக்காவில் நடுவயதுப் பெண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. பிள்ளைகள் வீட்டை விட்டுப் போன பிறகு மணவாழ்க்கையில் அவர்களின் நிறைவு கூடியிருந்தது. கணவனோடு இருந்த நேரம் அதிகமானதால் அல்ல, இருந்த நேரம் இனிமையானதால். அந்த ஊர் வேறு, நம் வீடுகள் வேறு என்றாலும் நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது.

காலை நாலரை மணிக்கும் ஒரு வேலை வேண்டும். அது என்ன என்று நான் சொல்லிவிட முடியாது. மகள் பிறக்கும் முன் உங்களுக்குப் பிடித்தது எது என்று யோசித்துப் பாருங்கள். பள்ளி நாள்களில் வாலிபால் ஆடியதாக எழுதியிருந்தீர்கள், அதிலிருந்து தொடங்கலாம்.

அவள் முன்னால் அழலாமா?

அழலாம். விடுதி வாசலில் கண்ணீர் வந்தால் துடைத்துக்கொண்டு நில்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. அப்பாவும் அழுவார் என்று தெரிந்துகொள்வது அவளுக்கு நல்லது. 'நீ போனா நான் இருக்க மாட்டேன்' என்பதை மட்டும் எந்த வடிவிலும் சொல்லாதீர்கள். விளையாட்டாகவும் வேண்டாம், உங்கள் அம்மாவின் வாய் வழியாகவும் வேண்டாம்.

போன பிறகு முதல் சில வாரங்களில் ஒரு இரவு அவள் அழுதுகொண்டே போன் செய்வாள். 'பிடிக்கலப்பா, வந்துடறேன்' என்பாள். பல பிள்ளைகள் செய்வார்கள். உங்களுக்கு அது எத்தனை ஆறுதலாக இருக்கும் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன். உடனே வண்டி எடுக்கத் தோன்றும். கிளம்பாதீர்கள். முழுதாகப் பேச விடுங்கள். யாராவது மிரட்டினார்களா, தொட்டார்களா, உடம்புக்கு முடியவில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால் அன்று இரவே கிளம்புங்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று அவள் சொன்னாலும் அப்படியே, போய்ச் சேரும் வரை விடுதிக் காப்பாளரை அவளோடு இருக்கச் சொல்லுங்கள். இவை எதுவும் இல்லை, வீட்டு ஞாபகம்தான் என்றால் அடுத்த விடுமுறைக்கு டிக்கெட் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.